மொய் நோட்டும் வரி நோட்டும்: பத்திரம் வேறு, பட்டா வேறு, உரிமை வேறு

ஒரே எட்டு சென்ட் இடம். ஒருவர் பத்திரத்தை நீட்டுகிறார்: "என் பேர்ல ரிஜிஸ்தர் ஆகியிருக்கு, பாருங்க." எதிரே நிற்பவர் பட்டாவை நீட்டுகிறார்: "கவர்மெண்டே என் பேர்ல பட்டா குடுத்திருக்கு, இதைப் பாருங்க." இரண்டும் போலி இல்லை. இரண்டிலும் அரசு முத்திரை இருக்கிறது. பஞ்சாயத்துப் பேச வந்த பெரியவர்கள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோர்ட்டுக்குப் போங்கப்பா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

அவர்கள் சொன்னது சரிதான். அது ஏன் சரி என்று தெரிந்துகொண்டால், நிலம் வாங்கும்போது எங்கே சறுக்கும் என்பதும் தெரிந்துவிடும். ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஐந்து பேர் "பத்திரம்தான் எல்லாம்" என்பார்கள், ஐந்து பேர் "பட்டா இல்லாத பத்திரம் வெறும் காகிதம்" என்பார்கள். இரண்டுமே பாதி உண்மை. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து, அடியிலிருந்து பார்ப்போம்.

மொய் எழுதுபவர் எதையும் விசாரிப்பதில்லை

கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு ஒருவர் மொய் எழுதுவார். நீங்கள் 1,001 ரூபாய் கொடுத்தால் பெயர், ஊர், தொகை எழுதிக்கொள்வார். அந்தப் பணம் உங்கள் சம்பாத்தியமா, கைமாற்று வாங்கியதா என்று கேட்க மாட்டார். அது அவர் வேலை இல்லை. இன்னார் இன்ன தொகை கொடுத்தார் என்று நாளைக்கு யாரும் மறுக்க முடியாதபடி எழுதிவைப்பதுதான் அவர் வேலை.

சார்பதிவாளர் அலுவலகம் ஏறக்குறைய அப்படிப்பட்ட மேசைதான். அங்கே நடப்பதை நினைத்துப் பாருங்கள். டோக்கன் வரிசையில் உங்கள் எண் வருகிறது. எழுதிக்கொடுப்பவரும் எழுதிப்பெறுபவரும் போய் நிற்கிறார்கள். அடையாள அட்டையைப் பார்க்கிறார்கள், கேமரா முன் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், விரல் ரேகை வைக்கச் சொல்கிறார்கள். "நீங்க எழுதிக்கொடுத்ததுதானா? சம்மதம்தானா? பணம் வந்துடுச்சா?" மூன்று தலையாட்டல். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை விழுகிறது. முடிந்தது.

இவ்வளவு நேரத்தில் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு: இந்த நிலம் உண்மையிலேயே விற்பவருடையதா?

அலட்சியத்தால் அது விட்டுப்போகவில்லை. சட்டம் அப்படி. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பதியச் சொல்வது ஆவணத்தை. உரிமையை அல்ல. 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்றால் அந்த ஆவணத்தைப் பதிந்தே ஆக வேண்டும், கையெழுத்திட்ட நான்கு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. விற்பவரின் உரிமையை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரத்தைச் சார்பதிவாளருக்கு அது தரவில்லை. விற்பவர் தன் மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவோம் என்று தமிழ்நாடு ஒரு விதி கொண்டுவந்தது. அந்த 55-ஏ விதியின் முதல் பகுதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்றது. காரணம் இதேதான்: விற்பவரின் உரிமையைத் தேடுவது சார்பதிவாளரின் வேலை இல்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். அரசு நிலம், கோயில் நிலம் போன்ற சில வகைச் சொத்துகளைப் பதிய மறுக்க இங்கே சட்டத்தில் இடம் உண்டு. மற்றபடி மேசைக்காரர் எழுதிக்கொள்பவர்தான்.

உத்தரவாதம் கொடுப்பது யார்?

வீட்டில் இருக்கும் பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துப் படியுங்கள். கிரயப் பத்திரம் என்றால் விலைக்கு விற்றதை எழுதிப் பதிந்த ஆவணம். அதன் தமிழே தனி ருசி. "கிரயத் தொகையை ரொக்கமாய்ப் பெற்றுக்கொண்டு... தாங்களே சர்வ சுதந்திர பாத்தியமாய்... புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று ஓடும். நாம் அதையெல்லாம் மந்திரம் மாதிரி தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் முடிவில் ஒரு வரி வரும்: இந்தச் சொத்தில் வில்லங்கம் ஏதும் இல்லை, பின்னால் ஏதும் தெரியவந்தால் "நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துக்கொடுக்கிறேன்".

யார் அந்த "நான்"? விற்றவர். உத்தரவாதம் கொடுப்பது அவர் மட்டும்தான். பத்திரம் முழுக்கத் தேடினாலும் "இது இவருடைய சொத்து என்று அரசு உறுதி சொல்கிறது" என்ற வாக்கியம் அகப்படாது.

"அப்புறம் எதுக்கு இவ்வளவு பணம் கட்டறோம்?" என்பது நியாயமான கேள்வி. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் கட்டுகிறோம். அதுவும் வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை, இரண்டில் எது கூடுதலோ அதற்கு. வழிகாட்டி மதிப்பு என்பது அந்தத் தெருவுக்கு அரசு குறித்திருக்கும் குறைந்தபட்ச விலை. இவ்வளவு கட்டினாலும் அது வரி. இன்சூரன்ஸ் பிரீமியம் இல்லை.

அரசே உரிமைக்குப் பொறுப்பேற்கும் நாடுகளும் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858இல் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறை அது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிலம் வைத்திருக்கும் நம் சொந்தக்காரர்கள் அந்த முறைக்குப் பழகியவர்கள். ஊருக்கு வந்து இடம் வாங்கும்போது, "ரிஜிஸ்தர் ஆயிடுச்சே, இன்னும் என்ன பயம்?" என்று அவர்கள் கேட்பதில் வியப்பில்லை. இலங்கை 1998ஆம் ஆண்டின் சட்டத்தோடு உரிமைப் பதிவு முறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வருகிறது. நாம் இன்னும் ஆவணப் பதிவு முறையில்தான் இருக்கிறோம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தார் என்பதற்குப் பதிவு வலுவான சாட்சி. எழுதிக்கொடுக்க அவருக்குப் பாத்தியம் இருந்ததா என்பது தனிக் கேள்வி.

இல்லாததைக் கொடுக்க முடியாது

திருட்டு சைக்கிளை ஒருவன் உங்களுக்கு விற்று, ரசீதும் எழுதிக் கொடுக்கிறான். ரசீதில் உள்ள கையெழுத்து அவனுடையதுதான். பணம் கைமாறியதும் நிஜம். சைக்கிள் உங்களுடையதாகிவிடுமா? சொந்தக்காரன் வந்து பூட்டைத் திறந்து ஓட்டிக்கொண்டு போவான்.

நிலத்துக்கும் அதுதான் கதை. விற்பவரிடம் இருக்கும் உரிமை எவ்வளவோ அவ்வளவுதான் வாங்குபவருக்கு வரும். அவரிடம் பாதிப் பங்கு இருந்து முழு நிலத்துக்கும் எழுதிக்கொடுத்தால், வருவது பாதிதான். போன வருடமே வேறொருவருக்குக் கிரயம் செய்துவிட்டு உங்களுக்கு மறுபடி எழுதிக்கொடுத்தால், வருவது பூஜ்யம். உங்கள் பத்திரம் முறையாகப் பதிவாகியிருந்தாலும் பூஜ்யம்தான்.

ஆகவே உரிமையை ஒற்றைக் காகிதத்தில் தேடக் கூடாது. அது ஒரு சங்கிலி. உங்களுக்கு விற்றவருக்கு யார் விற்றார், அவருக்கு எப்படி வந்தது, அதற்கு முன் யார் என்று பின்னோக்கிப் போகும். இந்தச் சங்கிலியின் பழைய கண்ணிகளான ஆவணங்களைத்தான் தாய்ப்பத்திரம், மூலப்பத்திரம் என்கிறோம். வக்கீல்கள் குறைந்தது 30 வருடம் பின்னால் போய்ப் பார்ப்பது இதற்காகத்தான். ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அதற்குப் பிறகு பதிவான பத்து பத்திரங்களும் அந்தரத்தில் தொங்கும்.

பத்திரத்தைக் கையில் வாங்கியதும் பலர் விலையைப் பார்ப்பார்கள், பிறகு நான்கெல்லையைப் பார்ப்பார்கள். நான் முதலில் தேடுவது, விற்பவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் பத்தியை. "எனக்குப் பாத்தியப்பட்டு என் அனுபவத்தில் இருந்துவரும்" என்று மட்டும் எழுதி, எப்படிப் பாத்தியப்பட்டது என்று சொல்லாமல் நழுவினால் அங்கேயே பேனாவை மூடிவிடலாம்.

வில்லங்கச் சான்று காட்டுவதும் காட்டாததும்

மொய் நோட்டைப் புரட்டி, இந்தக் குடும்பத்துக்கு யார் யார் எவ்வளவு செய்தார்கள் என்று பார்க்கலாம் அல்லவா? அதற்கு ஈடானது வில்லங்கச் சான்று. ஒரு சர்வே எண்ணைச் சொல்லி, இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுவரை என்று கேட்டால், அந்தச் சொத்து தொடர்பாகப் பதிவான ஆவணங்களின் பட்டியலைப் பதிவுத்துறை தரும். சர்வே எண் என்பது கிராமத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அளவைத் துறை கொடுத்த எண். இப்போது பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். 1975க்கு முந்தையவற்றுக்குப் பெரும்பாலும் அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும்.

வில்லங்கச் சான்றைத்தான் ஊரில் இ.சி. என்பார்கள். "இ.சி. கிளீனா இருக்கு" என்ற வாக்கியத்தைக் கேட்டு நிம்மதியடையாத ஆளே இல்லை. ஆனால் மொய் நோட்டில் எழுதாமல் தனியாகக் கையில் கவர் கொடுத்தவர்களை நோட்டு காட்டுமா? உயில் தனிப் புத்தகத்தில் பதிவாகும், பதியாமலும் இருக்கலாம். அது இந்தப் பட்டியலில் வராது. வாய்மொழியாகப் பங்கு பிரித்துக்கொண்டது வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்கு, யாராவது அதைத் தனியாகப் பதிவு செய்யாதவரை வராது. அப்பா இறந்த அன்றே பிள்ளைகளுக்குப் பிறந்துவிடும் வாரிசுரிமையும் வராது, ஏனென்றால் அதற்குப் பத்திரமே கிடையாது.

இன்னொரு பொறி உண்டு. பழைய பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும். உட்பிரிவு ஆகி எண் மாறியிருக்கும். கிராமமே ஒரு காலத்தில் வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்திருக்கும். புது எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் வெற்றுச் சான்று வரும், மனசும் லேசாகும். அந்த லேசு ஆபத்தானது.

வரி நோட்டு: பட்டா

இப்போது இன்னொரு நோட்டுக்கு வருவோம். ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள். யார் வீட்டுக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டு இருக்கும். "முத்துசாமி வீடு, 2,000" என்று அதில் இருந்தால், அந்த வீட்டுக்கு முத்துசாமியிடம் வரி கேட்க வேண்டும் என்று பொருள். வீடு முத்துசாமிக்கு மட்டும் சொந்தமா, தம்பிக்கும் பங்கு உண்டா என்பதை அந்த நோட்டு தீர்மானிக்காது. பெரும்பாலும் சொந்தக்காரர் பெயர்தான் இருக்கும், அதனால் அது நல்ல அடையாளம். ஆனால் அடையாளம் மட்டுமே.

பட்டா பிறந்தது இந்த நோட்டாகத்தான். திப்பு சுல்தானிடமிருந்து 1792இல் கம்பெனி கைக்கு வந்த பாராமகால் பகுதியில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இடைத்தரகர் இல்லாமல் உழவரிடமே நேராக வரி வாங்கும் முறையைத் தொடங்கினார்கள். ரயத்துவாரி என்பது அதுதான். மன்றோ 1820இல் சென்னை மாகாண ஆளுநரானபின் அது வேர்பிடித்தது. இன்னாருக்கு இவ்வளவு நிலம், இவ்வளவு தீர்வை என்று அரசு கொடுத்த சீட்டு பட்டா.

இன்றும் பட்டா கொடுப்பது வருவாய்த்துறை, பத்திரம் பதிவது பதிவுத்துறை. இரண்டு துறை, இரண்டு நோட்டு. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே உரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அதற்காகப் பட்டாவை அலட்சியம் செய்துவிடாதீர்கள். வங்கிக் கடன், பயிர்க்கடன், வீட்டு வரைபட அனுமதி என எல்லா இடத்திலும் முதலில் கேட்பது அதைத்தான். நிலத்தின் சரியான எண்ணும் பரப்பும் அதில்தான் இருக்கின்றன.

எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால் விளங்கும். தாத்தா 1964இல் 62 சென்ட் புன்செய் வாங்கினார், பத்திரம் அவர் பெயரில். உயில் எதுவும் எழுதாமல் 1978இல் இறந்துபோனார். 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஊரில் யூ.டி.ஆர். என்றால்தான் புரியும். பட்டாப் பதிவேடுகளைப் புதுப்பித்த அந்தச் சமயத்தில் அதிகாரிகள் வந்தபோது வயலில் நின்றது பெரியப்பா. அவர் பெயரில் பட்டா ஏறிவிட்டது. அவர் ஏமாற்றவில்லை. அவருக்கு அது தெரியவே தெரியாது. சித்தப்பா பயிர்க்கடனுக்குப் போய்ப் பட்டா நகல் எடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு வாரம் அண்ணன் தம்பிகள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

யூ.டி.ஆர். பிழைகள் இப்படி ஆயிரம் வீட்டில் உண்டு. பெயர் தவறும், பரப்பு குறையும், பக்கத்து வயல் எண்ணோடு மாறிப்போகும். எழுத்துப் பிழை போன்றவற்றை வருவாய்த்துறையிலேயே மேல்முறையீடு செய்து சரிசெய்யலாம். உரிமையிலேயே சண்டை என்றால் சிவில் நீதிமன்றம்தான்.

சுருக்கமாக, பத்திரம் நிலம் எப்படிக் கைமாறியது என்று சொல்கிறது, பட்டா இப்போது யாரிடம் தீர்வை கேட்க வேண்டும் என்று சொல்கிறது. இரண்டும் ஒரே பெயரைக் காட்டினால் நல்ல சகுனம். வேறு வேறு பெயரைக் காட்டினால், எது ஜெயிக்கும் என்று பார்க்க மறுபடி சங்கிலிக்குத்தான் போக வேண்டும்.

"பன்னிரண்டு வருஷம் இருந்தா நமக்குத்தான்"

மூன்றாவது இழை அனுபவம். சட்டத் தமிழில் அனுபவம் என்றால் நிலம் யார் கைவசம் இருக்கிறது என்பது. பன்னிரண்டு வருடம் குடியிருந்தால் வீடு சொந்தமாகிவிடும் என்று வாடகைக்காரர்கள் நம்புகிறார்கள், வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். இரண்டும் வீண்.

உரிமையாளருக்கு எதிராக, அவருக்குத் தெரியும்படி, "இது என்னுடையது" என்று சொல்லிக்கொண்டு இடைவிடாமல் 12 வருடம் வைத்திருந்தால்தான் அந்தப் பேச்சே எழும். அரசு நிலம் என்றால் 30 வருடம். வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பவர் சொந்தக்காரரின் அனுமதியோடு இருக்கிறார், எதிராக அல்ல. கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் மட்டும் உழுதுகொண்டிருந்தாலும், தம்பியின் பங்கு அதனாலேயே கரைந்துவிடாது.

கைமாறும் வழிகள்

விலைக்கு விற்பது கிரயம். குடும்பத்துக்குள் விலை வாங்காமல் கொடுப்பது செட்டில்மெண்ட். பங்காளிகள் பிரித்துக்கொள்வது பாகப்பிரிவினை. தன் பங்கை மற்ற பங்காளிக்கு விட்டுக்கொடுப்பது விடுதலை. இறந்த பின் பேசுவது உயில். செட்டில்மெண்டையும் உயிலையும் குழப்பிக்கொள்ளும் பெற்றோர் நிறைய. உயிலை உயிரோடிருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்து மகன் ஏற்றுக்கொண்டால் அன்றே கை விட்டுப் போய்விட்டது. நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதி, மகன் அதை மீறினால் மட்டும் மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டின் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

கிரய ஒப்பந்தத்தை, அதாவது அக்ரிமெண்டை, நிச்சயதார்த்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டு மாற்றிக்கொண்டதால் கல்யாணம் ஆகிவிடாது. மறுத்தால் வழக்குப் போடலாம், ஆனால் அந்த ஒப்பந்தத்தால் மட்டும் நிலத்தில் உரிமை வராது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே இதைத் தெளிவாகச் சொல்கிறது.

பவர், அதாவது உங்கள் சார்பில் செயல்பட ஒருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரம், பையைக் கொடுத்துக் கடைக்கு அனுப்புவது போல. போகிறவர் உங்கள் சார்பில் வாங்கலாம், விற்கலாம். பை அவருடையதாகிவிடாது. முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க பவரையும் அக்ரிமெண்டையும் வைத்தே "வாங்கிவிட்டோம்" என்று இருந்தவர்கள் ஒரு காலத்தில் ஏராளம். அப்படி உரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால், பொதுவாக பவரும் அவரோடு போய்விடும். பவர் ஏஜெண்டிடம் வாங்குவதென்றால், கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பதிந்த பிறகு

பத்திரம் கைக்கு வந்ததோடு பாதி வேலைதான் முடிகிறது. சர்வே எண் முழுவதையும் அப்படியே வாங்கியிருந்தால் பட்டா மாற்றம் எளிது, பதிவோடு சேர்ந்தே நகரும். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்து புது எண் கொடுக்க வேண்டும். அந்த நாளில் நீங்கள் வயலில் நிற்க வேண்டும். பக்கத்து நிலக்காரர்களும் நின்றால் நல்லது.

எங்கள் 62 சென்டுக்கு வருகிறேன். பாகப்பிரிவினை எழுதிவிடலாம் என்று மூன்று பிள்ளைகளும் ஒருவழியாகச் சமாதானமாகி வக்கீலிடம் போனார்கள். அவர் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "உங்க கூடப் பிறந்த பொண்ணு யாரும் இல்லையா?" என்றார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை இருக்கிறார். தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் போன நிலம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகன்களுக்கும் சம பங்கு. பாட்டி முன்பே போய்விட்டதால் நான்கே வாரிசு. அத்தை கையெழுத்தில்லாமல் எழுதியிருந்தால், எத்தனை முத்திரை குத்தினாலும் அது ஓட்டைப் பத்திரமாகத்தான் இருந்திருக்கும்.

அத்தை விடுதலை எழுதிக்கொடுத்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். "என் பங்கு எனக்கு வேணும்" என்றார், அவ்வளவுதான். ஆளுக்குப் பதினைந்தரை சென்ட். பத்திரம் பதிந்து, சர்வேயர் வந்து அளந்து, கல் நட்டு, சில மாதம் கழித்து நான்கு பட்டா வந்தது. பத்திரம் சென்டில் பேசும், பட்டா ஹெக்டேர், ஏரில் பேசும். ஓர் ஏர் என்றால் ஏறக்குறைய 2.47 சென்ட். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பட்டாவில் 0 - 6.27 என்று இருந்ததைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்னடா இது, ஆறு சென்ட்தான் போட்டிருக்கான்?"

கால்குலேட்டரை எடுத்துப் பெருக்கிக் காட்டினேன். 15.49 வந்தது. மீதி அந்த ஒரு புள்ளி எங்கே என்று கேட்டார்.